அறுத்த கயிறு

பள்ளிவாசல்துறையில் போட் எஞ்சின் திருத்துகிறவர் என்னைவிட இளையவர், என்னை 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுவார்; தாடியெல்லாம் கிரீஸ். என் படகு ஓயாமல் வலப்பக்கம் இழுத்ததால், கை உளைந்து, படகைத் திருப்பும் எஞ்சின் கைப்பிடியை அசையாதபடி கயிற்றால் கட்டியிருந்தேன். அவர் எஞ்சினைத் தொடுமுன் அந்தக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். எனக்குச் சுர்ரென்றது. புதுக் கயிறு.

"நானா, தனியக் கடலுக்குப் போறீங்க. கைப்பிடியக் கட்டிட்டுத் தவறி விழுந்தா போட் நேராப் போய்ட்டே இருக்கும், ஒங்களுக்காக நின்டு பாக்குமா?"

"கை வலிச்சிச்சு..."

"வலிக்கட்டும்! உசிரு போனா வலிக்காது!"

பிறகு எஞ்சினின் அடியில் தண்ணீரைத் தள்ளும் காத்தாடிக்கு மேலிருந்த சின்னத் தகட்டின் திருகாணியைத் தளர்த்தி, அதன் வாலை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி இறுக்கினார். ஓட்டிப் பார்த்தேன்; படகு நேரே போனது.

அவர் பட்டறைச் சுவரின் ஆணியில் இப்படி அறுத்த கயிறுகள் கொத்தாகத் தொங்கின. என்னுடையதையும் மாட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கயிறு மட்டும் அறுபடாமல் முழுசாக இருந்தது. அதைக் கட்டியவர் இல்லாமல் படகு மட்டும் திரும்பியிருக்கும் என்று கேட்காமலே புரிந்தது.