இத்தா அறையிலிருந்து ஒரு குழாய்

கிணற்றுத் தண்ணீரை அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோய், அதே தண்ணீரை ஜன்னல் வழியாகத் திரும்பவும் வெளியே வளவுக்கு அனுப்பிய குடும்பம் கல்முனையில் எங்களுடையதாக மட்டும்தான் இருந்திருக்கும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே இன்றைக்கும் வருகிறது. ஆனால் ஒரு கோடை முழுக்க நாங்கள் அதைத்தான் செய்தோம், அதுவும் மிகுந்த அக்கறையோடு.

வாப்பா மௌத்தான வருடம் அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். மௌத்தாவதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் வாப்பா கிணற்றடிக்கு அப்பால், வேலியோரமாக, தேசிக்கன்றுகளை, எலுமிச்சைதான், வரிசையாக நட்டிருந்தார். அவர் போன கையோடு கச்சான் காற்று தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று வீசத் தொடங்கினால் மாரி வரும்வரை மழையை மறந்துவிட வேண்டியதுதான். கடற்கரை மணலோ, ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டு ஊற்றவேயில்லை என்று சாதிக்கும்.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். எங்கள் ஊர் அதோடு நிற்காது. அறை வாசலில் ஒரு வெள்ளைத் திரை, ஜன்னலில் ஒரு வெள்ளைத் திரை என்று தொங்கவிட்டு, வளவை எட்டிப் பார்ப்பதையும் குற்றமாக்கி வைத்திருந்தது. உம்மா அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சோறு வைத்தால் வைத்தபடியே இருக்கும். ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தால் தலையைத் தடவுவார், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது. வாப்பாவைப் போல இவரும் போய்விடுவாரோ என்றுதான் எந்நேரமும் நினைப்பு.

ஒருநாள் திடீரென்று வாய் திறந்தார். "கண்டுகளுக்கு ஆரு தண்ணி ஊத்துற?"

"நான்தான் உம்மா."

"எப்பிடி ஊத்துற?"

வாளியோடு கவிழ்ப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். உம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்வே! மண்ணரிச்சு வேரெல்லாம் வெளிய வந்திரிக்குமே. வாப்பா தன்ட கையால நட்டதுடி, புள்ள" என்று அழத் தொடங்கினார். வாசலில் நின்ற மாமாவுக்கும் அது கேட்டது.

மாமா, உம்மாவின் தம்பி. அவர் எங்கள் வீட்டை மிதித்துச் சில வருடங்களாகியிருந்தன. வாப்பாவின் மூத்த சகோதரி மகளை அவருக்கு வாப்பாதான் பேசி முடித்தார். கலியாணத்துக்கு நாளும் வைத்த பிறகு மாமா ஒருவருக்கும் சொல்லாமல், இங்கினியாகலையில் அணை கட்டுகிற வேலைக்கு ஓடிவிட்டார். 'என்ட கண்ணில முழிக்க வேணாம்' என்று வாப்பா சொல்லி அனுப்பினார். மாமாவும் முழிக்கவில்லை. வாப்பாவை அடக்கிய அன்று, ஜனாஸாவுக்குத்தான் வந்தார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. அது உம்மாவின் வீடு, தம்பியைப் போகச் சொல்லி உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்கு வெட்கம். சந்தையில் ஒரு கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டு, பகலில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். "இத்தா முடியிற மட்டும்தான் ராத்தா, மறுகா நான் போயிருவன்" என்று வரும்போதெல்லாம் சொல்வார்.

"போறவனுக்கு என்னத்துக்கு இவ்வளவு பறையடிப்பு?" என்பார் மாமி. மாமா ஓடியதில் கைவிடப்பட்ட பெண்ணின் உம்மா அவர்தான். எங்களைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவருடைய மகள் பிறகு நல்ல இடத்தில் கலியாணம் முடித்து, பாலமுனையில் பிள்ளை குட்டியோடு இருந்தாள். கோபம் மட்டும் மாமியிடம் மிஞ்சியிருந்தது.

உம்மா அழுததற்கு அடுத்த நாள், மாமா ஒரு நீளமான கறுப்பு றப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். அணை வேலை முடிந்தபோது கழித்துப் போட்டதாம். உம்மாவின் ஜன்னலுக்கு உட்பக்கம் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டினார். அதன் அடியில் துளை போட்டு, குழாயின் வாயைச் செருகி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தால் இறுக்கினார். குழாய் திரைக்குக் கீழால் வெளியே வந்து, கன்றுகளின் வரிசையோடு மணலில் படுத்தது. கடைசி முனையில் ஒரு மரக்கட்டையை அடித்து அடைத்தார். ஒவ்வொரு கன்றுக்கும் நேரே, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் குழாயில் ஓட்டை. ஓட்டைக்குள் பப்பாசி இலைக்காம்பு ஒன்று, காம்பின் நுனியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி ஒரு சீலைத் திரி. காம்பு வாடினால் புதிது வெட்டிச் செருகுவது என் பொறுப்பு. தண்ணீர் அள்ளிக்கொண்டுபோய் அறைக்குள் வைப்பதும் என் பொறுப்பு. தகரத்தில் ஊற்றுவது மட்டும் உம்மா.

"கிணத்துத் தண்ணிய வீட்டுக்குள்ள கொண்டு போய் மறுகா வெளிய விடுறயா? விசராடா உனக்கு?" என்றார் மாமி. "அந்தா கிணறு, இந்தா கண்டு. நடுவில என்னத்துக்கு வீடு?"

"ராத்தாட கையால போகோணும்" என்றார் மாமா.

மாமி விடுகிறவரில்லை. இத்தாவில் இருக்கிற பெண் தோட்ட வேலை செய்யலாமா என்று கேட்கப் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்து திரைக்கு வெளியே நிறுத்திவிட்டார். லெப்பை வயதானவர். குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, "அவ வாசல் தாண்டுறாவா?" என்று கேட்டார். இல்லை. "பிற ஆம்புளயள் அவவப் பாக்கிறாங்களா?" இல்லை. "அப்ப வளவுக்குப் போறது தண்ணிதானே. தண்ணிக்கு இத்தா இல்ல" என்று சொல்லிவிட்டு, பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார்.

முதல் நாள் உம்மா ஒரு குடத் தண்ணீரைத் தகரத்தில் ஊற்றினார். வெளியே நான், மாமா, கொஞ்சம் தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி. ஒன்றும் வரவில்லை. நான் கடைசிக் கட்டையைக் காலால் தட்டினேன். கட்டை பறந்தது, பின்னாலேயே தண்ணீர் பீச்சிக்கொண்டுபோய் மாமியின் தலையிலும் சுளகிலும் விழுந்தது. "யா அல்லாஹ்! என்னக் கொண்டுபோட்டானே!" என்று மாமி துள்ளியெழும்பினார். அந்தச் சத்தத்துக்கு உம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டார். பார்த்து, சிரித்தார். வாப்பா போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. மாமி வைய வாய் திறந்தவர், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அப்படியே நின்றார். முக்காட்டைப் பிழிந்துகொண்டே, "சரி சரி, கட்டய இறுக்கி அடி" என்றார்.

அதற்குப் பிறகு உம்மா காலையிலும் மாலையிலும் ஊற்றினார். குடம் வர நேரமானால் என்னைக் கூப்பிடுவார். சோறும் சாப்பிட்டார். "எப்பிடி, தண்ணி ஒழுங்காப் போகுதா?" என்று கேட்பார். போகிறது என்று நான் வளவிலிருந்து கத்துவேன்.

ஆனால் குழாய் பழசு. வெயில் அதைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் பார்த்தால் திரிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. குழாய் ஜன்னலுக்குக் கீழேயே வெடித்து, உம்மா ஊற்றிய தண்ணீர் முழுக்கச் சுவரடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் குழாய்க்குள் மணலும் எறும்பும் அடைத்திருந்தன. மாமா சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கட்ட இன்னோரிடத்தில் வெடித்தது.

"உம்மாட்டச் செல்லிராத புள்ள" என்றார். "இது போச்செண்டு தெரிஞ்சா திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருவா. உன்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அடுத்த நாளிலிருந்து மாமா விடியப்புறம் சுபஹு தொழுத கையோடு வந்துவிடுவார். செருப்பை வேலிப் படலையில் கழற்றிவிட்டு, வாளி கிணற்றுச் சுவரில் படாமல் தண்ணீர் அள்ளி, கையால் ஏந்தி ஏந்தி ஒவ்வொரு கன்றுக்கும் விடுவார். ஜன்னலுக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் அந்நேரம் உம்மா தொழுத பாயிலேயே இருந்து ஓதிக்கொண்டிருப்பார். ஓதுகிறவருக்கு வாளிச் சத்தம் கேட்காது என்பது எங்கள் இருவருடைய முடிவு. விடிந்த பிறகு உம்மா தன் பங்குக்குத் தகரத்தில் ஊற்றுவார். அது நேரே சுவரடி மணலுக்குள் போகும். "ஒழுங்காப் போகுதா?" என்பார். "ஓம் உம்மா, நல்லாப் போகுது!" என்பேன். பொய் சொல்வது இவ்வளவு சுகமான வேலை என்று எனக்கு முன்பு தெரியாது.

இத்தா முடிந்த அன்று உம்மா குளித்து, வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு வளவுக்கு இறங்கினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நேரே கன்றுகளிடம் போனார். எல்லாம் முழங்காலுக்கு மேல் வளர்ந்து துளிர்த்திருந்தன. "பாத்தீங்களா ராத்தா, குழாயிட வேலைய!" என்றார் மாமா. என்ன துணிச்சல்! சிரிப்பை அடக்க நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டேன்.

மாமி ஏதோ கேட்க, மாமா அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் உம்மா குனிந்து ஒரு பப்பாசிக் காம்பைப் பிடித்து இழுத்தார். காம்பு சருகாய் நொறுங்கியது. குழாயைத் தூக்கினார். ஓட்டை வழியே காய்ந்த மணலும் எறும்பு முட்டையும் அவர் கையில் கொட்டின. உம்மா கையைத் தட்டிவிட்டு, குழாயை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கொஞ்சம் மணலையும் இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் நாளைக்கு வெளிக்கிடுறன் ராத்தா" என்றார் மாமா. "இத்தாவும் முடிஞ்சிதானே."

"எப்பிடிப் போற?" என்றார் உம்மா. "இந்தக் கண்டுகள் தப்பினது உன்ட குழாயாலதான். நாளைக்கு அது பழுதாப் போனா ஆரு பாக்கிற? எனக்கு அதில ஒண்டும் தெரியாது. நீதான் நிண்டு பாத்துக்கோணும்."

மாமா மாட்டிக்கொண்டார். குழாய் எப்போதோ செத்துவிட்டது என்று சொன்னால் அவ்வளவு பொய்யும் வெளியே வரும். சொல்லாவிட்டால் போக முடியாது. என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். "ஓம் ராத்தா" என்றார் கடைசியில்.

"அப்ப அந்தக் கடைக்குள்ள கிடந்து என்னத்துக்கு நுளம்புக்கடி படுற?" என்றார் மாமி, அவர் முகத்தைப் பாராமலே. "பாயக் கொண்டுவந்து இஞ்ச போடு."

எனக்கு உம்மாவை நினைக்க இரக்கமாக இருந்தது. கையில் மணல் கொட்டியும் குழாய் ஓடுகிறது என்றே நம்புகிறாரே, பாவம். வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் நானும் மாமாவும்தான், உம்மா சாகும்வரை இதை அவருக்குத் தெரியவிடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.