சடையங்குப்பம் முகவரி

எட்டாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். அதன்பின் எண்ணூர், மீஞ்சூர், கிருஷ்ணப்பட்டினம் என்று கண்டெய்னர் லாரிகளில் கிளீனராகச் சுற்றினேன். நடுவில் காதுக்குள் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். மருத்துவமனையில் கொஞ்ச காலம் இருந்தேன். வெளியே விடும்போது, மாதம் ஓர் ஊசி தவறக் கூடாது என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டு நிறுவனத்து அம்மாவிடம் என்னை ஒப்படைத்தார்கள். அவரிடம் எனக்கென்று ஒரு பைல் இருந்தது.

பைலில் இருந்தது சடையங்குப்பத்தில் என் தங்கை வீட்டு முகவரி. ரேஷன் கார்டில் என் பெயர் அங்கேதான் இருக்கிறது. நான் அங்கே தூங்கியது குறைவு. அந்த அம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை. துறைமுகத்துக்கு லாரிகள் வரிசை கட்டும் சாலையில் ஒரு டீக்கடைக்கு வருவார். யாராவது கேட்டால் இன்சூரன்ஸ் ஆள் என்பார்.

"இன்னா மாமு, இன்சூரன்ஸ் அம்மா உன்னையே சுத்திகினு கீது? அவ்ளோ சொத்தா கீது உன்கிட்ட?" என்பார் எங்கள் டிரைவர். அந்த அம்மாவும் சிரிப்பார். டீ முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்றி கிளினிக்குக் கூட்டிப் போவார். மூன்று வருடம் ஓர் ஊசியும் தவறவில்லை.

பிறகு அவரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஒழுங்கானவர். பைலில் இருந்த முகவரிக்கே போனார். கழுத்தில் மனநலம் என்று எழுதிய அட்டை. அன்று தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்களாம். தங்கை வாசலிலேயே, "அவரு குஜராத்துக்கு வேலைக்குப் போய்ட்டாரு சார், இனிமே வரமாட்டாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் அதை அப்படியே எழுதி பைலை மூடினார்.

எனக்கு இது தெரியாது. டீக்கடையில் காத்திருந்தேன். இரண்டாவது மாதம், லாரி ஹாரன்களுக்கு நடுவே காதுக்குள் பழைய குரல் ஒன்று என் பெயரைச் சொன்னது. நானே கிளினிக்குப் போனேன்.

"நீங்க குஜராத்துல இருக்கிறதா போட்டிருக்கே" என்றார் நர்ஸ்.

"என்னப் பார்த்தா குஜராத்துல கீறவன் மாரியா கீது சிஸ்டர்?"

புதியவரை வரவழைத்தார்கள். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"அவ மேல தப்பில்ல சார். பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும்ல" என்றேன்.

பைலைத் திறக்க முகவரி வேண்டுமாம். டீக்கடையைச் சொன்னேன்.

"கடையெல்லாம் ஏத்துக்க மாட்டாங்கண்ணா."

புதியவர் தங்கை வீட்டு முகவரியையே பேனாவில் எழுதினார். ஓரத்தில் பென்சிலால், 'வீட்டுக்குப் போக வேண்டாம். டீக்கடை. அட்டையைக் கழற்றவும்' என்று எழுதி எனக்குக் காட்டினார்.

ஊசி போட்டும் குரல் அடங்க வாரங்கள் ஆயின. அதுவரை வெளியூர் லோடு எதற்கும் போகவில்லை. அடுத்த மாதம் அவர் டீக்கடைக்கு வந்தார். அட்டை சட்டைப்பையில் இருந்தது.

"இன்சூரன்ஸ்ல ஆள மாத்திட்டாங்களா மாமு?" என்றார் டிரைவர்.

இவரையும் ஒருநாள் மாற்றுவார்கள். அதற்குள் அந்தப் பென்சில் வரியைப் பேனாவில் எழுதச் சொல்ல வேண்டும்.