ராசியான பேர்

என் தங்கச்சி மாரிக்கனியின் புருஷன் தங்கப்பாண்டியனைக் கெட்டவன் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பொண்டாட்டி மேல் கை வைத்தது கிடையாது. அவனிடம் இருந்த ஒரே சீக்கு முதலாளி விசுவாசம். அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை.

சொந்த ஊர் தேவதானம். அப்பா இல்லாத வீடு. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு வந்தவன், பேண்டேஜ் துணி தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தான். பிறகு துணியைச் சுருளாகச் சுற்றுகிற மெஷினுக்கு ஆபரேட்டர் ஆனான். முதலாளி கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே அவனுக்கு ஒரு லைன் வீடு கொடுத்தார். கல்யாணத்துக்கு நேரில் வந்து தாலியை எடுத்துக் கொடுத்தார். அன்றோடு இவன் தொலைந்தான். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பானோ இல்லையோ, முதலாளி கார் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். பேர் பால்ச்சாமி. "ஒங்களுக்கு மொதலாளின்னு ஒருத்தர் இருந்திருந்தாத் தெரியும் மச்சான்" என்பான் தங்கப்பாண்டியன். இருந்ததில்லை, அதனால் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

மாரிக்கனிக்குப் பெண் பிறந்தது. அவன் வகையறாவில் முதல் பெண்ணுக்குக் குலதெய்வத்தின் பேர்தான், முத்துப்பேச்சி. தங்கச்சிக்கும் அது பிடித்திருந்தது. ஐப்பசியில் கோயிலில் வைத்துப் பேர் விடுவதாக இருந்தோம். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

அந்த வருஷம் பூஜைக்கு அயர்லாந்துக்காரர் ஒருவர் கம்பெனிக்கு வந்திருந்தார். சரக்கை மொத்தமாக வாங்குகிறவர். முதலாளிக்கு அவரை எப்படிக் குளிர வைப்பது என்று தெரியவில்லை. மாலை, பொன்னாடை, தலைப்பாகை எல்லாம் ஆயிற்று. அப்போது கூட்டத்தில் மாரிக்கனி மடியில் இருந்த கைக்குழந்தை முதலாளி கண்ணில் பட்டது. மந்திரி வந்தால் பிள்ளையை நீட்டிப் பேர் வைக்கச் சொல்கிற ஊர்தானே இது. பிள்ளையை வாங்கி வெள்ளைக்காரர் கையில் கொடுத்து, "நீங்களே ஒரு பேர் வைங்க" என்றார்.

அந்த மனுஷன் பதறிப்போனார். பேர் வைக்கிறது பெற்றவர்கள் உரிமை என்று அவர் சொல்வதாக மேனேஜர் தமிழில் சொன்னார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது இங்கே யாருக்கும் தெரியவில்லை. "எங்க தங்கப்பாண்டிக்கு இதவிடப் பெருமை என்ன இருக்கு, கேளுங்க" என்று முதலாளி இவனைப் பார்த்தார். இவன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். வெள்ளைக்காரர் செத்த நேரம் குழந்தையைப் பார்த்துவிட்டு, இறந்துபோன தன் தாயாரின் பேரைச் சொன்னார். சீர்ஷா. அவர்கள் பாஷையில் விடுதலை என்று அர்த்தமாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். மாரிக்கனி தட்டவில்லை.

அன்று சாயங்காலம் நான் தங்கப்பாண்டியனிடம் சொன்னேன். "மாப்ள, சர்ட்டிபிகேட்டுல அது இருந்துட்டுப் போவுது. வீட்டுல முத்துப்பேச்சின்னு கூப்பிடுங்க."

"வேண்டாம் மச்சான். மொதலாளி சபையில வச்ச பேரு. வேற பேரு சொல்லிக் கூப்பிடுதது அவிய காதுல விழுந்தா என்ன நெனைப்பாவ?"

பெற்ற பிள்ளையைக் கூப்பிடவும் முதலாளி காதைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். தங்கச்சி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

இங்கிலீஷில் அந்தப் பேரை Saoirse என்று எழுத வேண்டுமாம். எழுதுவது ஒரு விதம், சொல்வது வேறு விதம். தடுப்பூசி போடுகிற நர்ஸ் அட்டையைப் பார்த்து "சவோரிஸ் யாரும்மா?" என்றார். பால்வாடியில் சவுரி ஆனாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்த டீச்சர் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு "சவ்வரிசி" என்று சொல்லிவைக்க, வகுப்பே சிரித்து, பிள்ளைக்கு அதுவே பட்டப்பேர் ஆகிவிட்டது. தெருவில் போகிறவனெல்லாம் பாயசம் இருக்கா என்று கேட்டான்.

இதில்தான் தங்கப்பாண்டியன் நான் நினைக்காத ஆளாக மாறினான். வெள்ளைக்காரர் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் கெஞ்சி அந்தப் பேரைத் தன் போனில் சொல்ல வைத்துப் பதிந்திருந்தான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, நம் நாக்குக்கு வருகிற மாதிரி பழக்கிக்கொண்டான். பிறகு ஊருக்கே வாத்தியார் ஆனான். அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போய் டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தான். ரேஷன் கடையில் சொல்லிக் கொடுத்தான். அய்யனார் கோவில் அருவியில் எவனோ சவ்வரிசி என்று கூப்பிட்டதற்கு, அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். வாழ்க்கையில் அவன் யார் சட்டையையும் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முதலாளிக்காக வைத்த பேர் எப்போது மகளுக்கான பேராக ஆனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மகள் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

பிள்ளையும் அந்தப் பேரை விட்டுக் கொடுக்க மாட்டாள். யாராவது தப்பாகச் சொன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "சீர்ஷா. எங்கூடச் சேந்து சொல்லுங்க" என்பாள். நானே இரண்டு தடவை அவளிடம் பாடம் படித்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முதலாளி அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிவரச் சொல்வார். அவள் பூங்கொத்து கொடுத்துப் பேரைச் சொல்வாள். வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். ஆர்டர் கிடைக்கும். அவளுக்குப் பேர் வைத்த பிறகுதான் கம்பெனி ஏறுமுகம் என்று முதலாளி வாயாலேயே பல தடவை சொல்லியிருக்கிறார். பேண்டேஜ் துணியோடு சேர்ந்து என் மருமகளும் ஏற்றுமதிச் சரக்குதான் என்று நான் சொன்னால், மாரிக்கனிக்குக் கோபம் வரும்.

போன வருஷம் முதலாளியின் மகன் ஹரிகிருஷ்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் படிக்கப் போய் அயர்லாந்திலேயே தங்கிவிட்டவர். சில மாசம் கழித்து, பேர் சூட்டு விழாவுக்குக் குடும்பத்தோடு ராஜபாளையம் வருவதாக ஏற்பாடு ஆனது. அதற்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி தங்கப்பாண்டியனை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னாராம். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் இவன் உட்கார்ந்ததே இல்லை. எனக்குச் சொல்லும்போது அதைத்தான் முதலில் சொன்னான்.

"பேத்திக்கும் சீர்ஷான்னுதான் வைக்கிறோம் தங்கப்பாண்டி. ராசியான பேரு. அது எங்க வீட்டுக்குள்ளயும் இருக்கணும்."

இவன் சந்தோஷப்பட்டிருக்கிறான், மடையன்.

"ஆனா பாரு, எங்க வீட்டுலயும் ஒங்க வீட்டுலயும் ஒரே பேரு நல்லாருக்காது. நாளைக்கு உம்பொண்டாட்டி கோவத்துல 'ஏட்டி சீர்ஷா, எரும'ன்னு வைவா. அது எம்பேத்திய வஞ்ச மாதிரி ஆயிராதா?" என்று சிரித்தாராம். "நீங்க மொத என்ன பேரு வைக்கிறதா இருந்தீங்க? முத்துப்பேச்சிதான? நல்ல தெய்வாம்சமான பேரு. அதையே வச்சிரு. பேரு மாத்துற வேலையெல்லாம் நம்ம ஆபீஸ்லயே பாத்துக்கிருவாங்க."

அவன் சரிங்க மொதலாளி என்று எழுந்து வந்துவிட்டான்.

விஷயம் தெரிந்து நான் ஆட்டோவை முறுக்கிக்கொண்டு போனேன். "ஏலே, குடுக்கறதும் அவிய, புடுங்கறதும் அவிய, இடையில நீ எதுக்குலே அப்பன்னு இருக்க?" என்று வாசலிலேயே கத்தினேன். மாப்பிள்ளை என்கிற மரியாதையெல்லாம் அன்று பறந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"வீடு அவிய வீடு மச்சான். வேலை அவிய வேலை. அவ படிப்புக்கும் அவியதான் பாக்காவ. நா என்னத்தப் பேச?"

எட்டு வருஷம் முன்னால் முத்துப்பேச்சி என்ற பேருக்காக மனசுக்குள் அழுதவள் என் தங்கச்சி. இப்போது அவள்தான் குறுக்கே நின்றாள். "எம்மவ பேரு சீர்ஷா. அத மாத்துததுக்கு எவனுக்கும் உரிமை கெடையாது" என்றாள். புருஷன் கேட்கவில்லை. இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்காமல் இருந்தாள். அவன் டீயும் பன்னும் வாங்கி வந்து பிள்ளைக்குக் கொடுத்தான். மூன்றாம் நாள் அவளே அரிசி களைந்தாள். அந்த வீட்டை விட்டால் எங்கே போவாள்? என் வீடு ஒற்றை அறை. வா என்று நானும் கூப்பிடவில்லை.

பிள்ளையிடம் அவனே சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. "அப்ப அந்தப் பாப்பாவ நா எப்படிப்பா கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

"பாப்பான்னு கூப்பிடு தாயி."

"எம்பேரு எனக்குத் தெரியும்ல. அத மறக்கணுமா?"

அவன் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான்.

அன்றிலிருந்து அவளை முத்துப்பேச்சி என்று கூப்பிட்டார்கள். பாதி நேரம் அவளுக்குத் திரும்பவே தோன்றாது. கிட்டத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும்.

விழா முதலாளி வீட்டு ஹாலில் நடந்தது. பந்திக்குப் பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர வேண்டும் என்று என் ஆட்டோவைத்தான் சொல்லியிருந்தார்கள். இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. தங்கப்பாண்டியன் வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான். மாரிக்கனி பின்கட்டில் காய் நறுக்க, மகள் அவளோடு உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டிலில் குழந்தையைப் போட்டார்கள். அத்தைக்காரிதான் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். முதலாளியின் மகள் குனிந்தாள். "சிரிசா" என்றாள். பிறகு "சூசா" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஹரிகிருஷ்ணன் சொல்லிப் பார்த்தார். அவர் அயர்லாந்துக்காரர் மாதிரியே சொன்னதால் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. பெரியம்மா, சித்தி என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். ஐயர் நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார்.

முதலாளிக்குச் சட்டென்று நினைவு வந்தது. "நம்ம தங்கப்பாண்டி எங்க? ஏய், இங்க வா. அவன் நம்ம வாய்க்கு ஏத்தாப்புல அழகாச் சொல்லுவான்."

அவன் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குள் வந்தான். வாசல் நிலையில் நின்ற என்னைத் தாண்டித்தான் போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லு."

"சீர்ஷா" என்றான். அவனுக்கே கேட்டிருக்காது.

"இத்தன பேரு இருக்காங்கல்ல, சத்தமாச் சொல்லுடா. கூப்பிடற மாதிரி சொல்லு."

அவன் முதலாளி சொன்னபடியே, கூப்பிடுகிற மாதிரி, வாய்விட்டுச் சொன்னான்.

"சீர்ஷா!"

"வாரேம்ப்பா!" என்று பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. வெற்றிலைத் துணியைக் கையில் பிடித்தபடி பிள்ளை ஓடி வந்து ஹால் நடுவில் நின்றாள். கொஞ்ச நாளாகக் கேட்காத தன் பேரைக் கேட்டுவிட்ட சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். முதலாளி தங்கப்பாண்டியனைப் பார்த்தார்.

"ஒன்னைய இல்ல தாயி" என்றான் தங்கப்பாண்டியன். "நீ உள்ள போ."