குங்குமம் வைத்த சர்வர்

எங்கள் முதலாளிக்கு வாடகை என்ற சொல்லே ஆகாது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவருடைய பனியன் கம்பெனி நிற்கும் இடம் சொந்தம், மெஷின்கள் சொந்தம், தண்ணீர் லாரிகூடச் சொந்தம். ஆனால் ஆர்டர் விவரம், சாம்பிள் படங்கள், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குக் காட்டும் அளவுத் தாள்கள் எல்லாம் மாத வாடகைக்கு எவனுடைய கணினியிலோ, எந்த ஊர் என்றே தெரியாத இடத்தில் இருந்தன. ஒருநாள் இது அவருக்குத் தெரிந்துபோனது.

"ஏனம்மிணி, நம்ம சாமானத்தை அடுத்தவன் ஊட்டுல வெச்சுப்போட்டு, அதைப் பாக்கறதுக்கும் அவனுக்கே காசு குடுக்கறமா?"

"ஆமாங்க."

"நம்மளே ஒரு ஊடு கட்டிக்க முடியாதா?"

நான் அப்போது ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் மேசையில் இருந்தேன். கணினியைப் பிரித்து மேய்கிற பழக்கம் கொஞ்சம் உண்டு. "கட்டலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்படித்தான்.

அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு கணினியை வைத்து, அதையே கம்பெனியின் சர்வர் ஆக்கினேன். கோப்புகளைக் காப்பதும் கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. அறைக்கு ஒரு பூட்டும் என் கையில் ஒரு சாவியும் வந்தன. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து வளர்ந்தவள் நான். பூட்டித் திறக்க எனக்கென்று ஒரு கதவு கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் வருஷம் பட்டபாடு நாய் படாது. ஒவ்வொன்றையும் கையால் தட்டித் தட்டி நிறுவ வேண்டும். படம் காட்டுகிற பகுதியைச் சரிசெய்தால் ஆர்டர் காட்டுகிற பகுதி முறைத்துக்கொள்ளும். போன மாதம் என்ன மாற்றினேன் என்பது எனக்கே தெரியாது. இதற்கிடையில் முதலாளியின் மாப்பிள்ளையும் கம்பெனிக்கு வர ஆரம்பித்திருந்தார். கோயமுத்தூரில் மேல்படிப்பு முடித்தவர். வாடகைக்கு எடுப்பதே நாகரிகம் என்பது அவர் கட்சி.

"மாமா, ஒரே ஒரு நாள் பையரால இதைத் திறக்க முடியலைன்னாலும் பழையபடி வாடகைக்குப் போயிரலாம். அந்த ரூம்ல அட்டைப்பெட்டி வெச்சுக்கலாம். இவங்களும் பழைய டேபிளுக்கே போகட்டும்" என்று என் எதிரிலேயே ஒப்பந்தம் போட்டார். முதலாளி மாப்பிள்ளை பேச்சைத் தட்ட மாட்டார். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் இதற்கென்றே ஒரு மென்பொருள் கருவி இருப்பது கண்ணில் பட்டது. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கருவியே பார்த்துக்கொள்ளும். முதலாளிக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. பையர் நமக்கு டெக்பேக் அனுப்புகிறான். மார்பு இத்தனை, கழுத்துப் பட்டை இத்தனை, லேபிள் இந்த இடத்தில் என்று எழுதியிருப்பானே தவிர, எந்த மெஷினில் யார் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்று எழுத மாட்டான். பீஸ் அதில் உள்ளபடி வர வேண்டும், அவ்வளவுதான்.

"அளவு மாறுனா?"

"அதுவே கண்டுபுடிச்சு திருப்பி வெச்சுருமுங்க. அதனால யாரும் கையால தொடக் கூடாதுங்க."

தொடக் கூடாது என்றால் தொடுவதுதானே மனித இயல்பு. அறைக் கதவில் "கையால் மாற்றாதீர்" என்று தாள் ஒட்டினேன். அதைப் படித்துவிட்டே உள்ளே வந்து பொத்தானை அமுக்கிப் பார்த்தவர்கள் உண்டு. முதலாளியோ, தன் வீட்டுச் சாவி தன்னிடம் இல்லாமலா என்று பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, சர்வரின் முதல் பக்கத்தில் மயிலோடு நிற்கும் முருகன் படத்தை வைத்தார். மறுநாள் காலையில் முருகனைக் காணோம். திரும்ப வைத்தார், முருகன் திரும்பவும் போய்விட்டார். அதற்கும் அடுத்த நாள் முதலாளி என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மிணி, முருகன் நிக்க மாட்டேங்கறாரு. ஏதாச்சும் குத்தமாயிருச்சா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, டெக்பேக்கில் இல்லாததைக் கருவி கழற்றி எறிந்துவிடும் என்று சொன்னேன். "அப்ப முருகனை டெக்பேக்ல எழுது" என்றார். எழுதினேன். அன்றிலிருந்து முருகன் அசையாமல் நின்றார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, பூஜை செய்வார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. இந்த வருஷமும் சர்வரைத் தனியாக விட்டுவிடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, பொரி கடலை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பிளக்கைப் பிடுங்கி, பளபளவென்று துடைத்து, நெற்றியில் குங்குமமும் கழுத்தில் செவ்வந்தி மாலையுமாக என் சர்வர் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் என் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு. பூஜை முடிந்திருந்தது.

"எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இதை மட்டும் உட்டா, அதுக்கு மனசு நோகுமல்ல?" என்றார் முதலாளி. அவ்வளவு பிரியமாகச் சொன்னவரிடம் எப்படிக் கத்துவது? போய்ச் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பையர் ஊரில் ஆயுத பூஜை கிடையாது. மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. பக்கம் திறக்கவில்லை, பனியனில் அடிக்கும் பிரிண்டின் அளவுத் தாளை இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்றார்கள். பொரி தின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நான் சொன்னேனுங்களே மாமா."

"சாமி காரியம், மாப்பிள்ளை. தொடக் கூடாதுங்க."

"அதேதாங்க நானும் சொல்றேன். வாடகைக்கு இருந்திருந்தா அவன் ஊர்ல யாரு சந்தனம் வெக்கப் போறாங்க?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஆண்டி, அறையைக் காலி பண்ண வேண்டியது நானா? அப்போதுதான் உறைத்தது. எனக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. கோப்பு என் சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவில் இருக்கிறது. டெக்பேக் இருந்தால் எந்த மெஷினில் தைத்தால் என்ன?

பொட்டு வைக்காத ஒரு கணினி வேண்டும். கம்பெனி முழுக்கத் தேடினேன். கால்குலேட்டருக்குக்கூடச் சந்தனம் வைத்திருந்தார்கள். கடைசியில் ஸ்டோர் ரூமில், நூல் கோன் பெட்டிகளுக்கு அடியில், யாரும் மதிக்காத ஒரு பழைய கணினியும் மானிட்டரும் கிடைத்தன. இன்டர்நெட் பெட்டி உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பித்திருந்தது. ஏற வேண்டிய ஏணியையும் பூஜையில் வைத்துவிட்டார்களாம். தகவல்களின் நகல் தினமும் தானாகப் போய்ச் சேர்வது முதலாளி வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் கையளவுப் பெட்டிக்கு. அதை மெஷின் என்று யாரும் நினைக்காததால் அதற்கும் பொட்டு இல்லை.

பழைய கணினியைத் தூசு தட்டி என் அறைக்குத் தூக்கி வந்து, பென்டிரைவைச் செருகி, ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். அதன் பிறகு செய்வதற்கு எனக்கு வேலையில்லை. முதல் வருஷம் மாதக்கணக்கில் நான் தட்டியதையெல்லாம் அது தானாகவே ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டு போனது. வீட்டுப் பெட்டியிலிருந்து தகவல்களையும் இழுத்துக்கொண்டது. முதலாளி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் பக்கம் திறந்தது. மயிலோடு முருகன் வந்து நின்றார்.

முதலாளி சட்டென்று செருப்பைக் கழற்றினார். கைகூப்பினார். நான் தடுப்பதற்குள் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அந்தப் பழைய மானிட்டருக்கும் வைத்துவிட்டார்.

"யாருமே கூப்புடாம அவரே வந்துட்டாரு. இனி நாளைக்குக் காலைல வரைக்கும் இதையும் யாரும் தொடக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தொடாம பையருக்கு எப்படிங்க அனுப்புவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நான் அனுப்ப வேண்டியதில்லீங்க. அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. இதைத் தொடாம இருந்தாப் போதுமுங்க, நல்லா ஓடும்" என்றேன்.

சொல்லி முடித்துச் சிறிது நேரத்தில் போன் வந்தது. தாள் கிடைத்துவிட்டது, அளவு சரி, பிரிண்டுக்குப் போகலாம் என்றார்கள். மாப்பிள்ளை மிச்சப் பொரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டேன். எத்தனையோ நாள் ஒட்டியும் யாரும் கேட்காததை, ஒரு பொட்டுக் குங்குமம் கேட்க வைத்துவிட்டது. இப்போது ஒருவரும் சர்வர் பக்கம் கையை நீட்டுவதில்லை. பழுதும் குறைந்துவிட்டது. வாடகைப் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது விவரம் வேண்டுமென்றால் என் அறைக்கு வருகிறார். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான்.