ஒரு மடக்கு குரோமும் ஒரு தட்டு கடல்பாசியும்

போன வாரம் எனக்குள் கடல் புகுந்தது. நம்பமாட்டீர்கள்தானே? கேளுங்கள்.

இத்தனை காலம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட எங்கள் ஆம்பூர் ஷாப்பில், புதிதாகக் குரோம் என்கிற உலோக உப்பைப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். கரைத்தால் பச்சைப்பசேலென்று ஒரு தண்ணீர்.

ரம்ஜான் மாதம். நோன்பு திறக்க முதலாளி வீட்டிலிருந்து கடற்பாசியைக் காய்ச்சி இனிப்பாக உறையவைத்த கடல்பாசி ஒரு தட்டும் பச்சை சர்பத்தும் வந்து, ஆபீஸ் மேஜையில் காத்திருந்தன. பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நோன்பு பிடித்தவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்க, நோன்பே இல்லாத குமாஸ்தா நான் — ரகசியமாக ஒரு கிளாஸை எடுத்து, ஒரு மடக்கு...

நாக்கு சுருண்டது.

"அய்யய்யோ! அது கலர் பாக்க மொண்டு வெச்ச குரோம் தண்ணி சார்!" அலறினார் மேஸ்திரி காதர் பாய்.

பாதியைத் துப்பினேன். மீதி? மாட்டுத் தோலையே மக்கவிடாமல் பண்ணுகிற சரக்கு, என் குடலைச் சும்மா விடுமா?

"பாய், நான் போய்ட்டா வீட்ல பக்குவமா சொல்லுங்க."

"நீங்க எங்க சார் போறது? பதமாய்ட்டீங்க, இனிமே கெடவே மாட்டீங்க! பேஜாராவாம இந்தக் கடல்பாசியத் துன்னுங்க. உள்ள இருக்கற விஷத்த அப்டியே சுத்தி இழுத்துக்கினு போய்டும்."

எல்லோருக்கும் வந்த தட்டு. நான் ஒருவனே காலி செய்தேன். பசித்திருந்தவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் வீட்டுக்கு ஜட்காவில் போகும்போது கண்ணை மூடினேன். கடலையே பார்க்காத என் வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு கடல்... கொடிகொடியாகப் பாசி அசைகிறது. பச்சைத் துளி ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுற்றித் தூங்கவைக்கிறது. வண்டி ஆடியது, அலையும் ஆடியது. சாவதுகூட இவ்வளவு சுகமா?

டாக்டர் நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார்.

"ஒரு வாய்தானே? பொழச்சுக்குவீங்க. நல்லா தண்ணி குடிங்க."

"அப்ப... கடல்பாசி காப்பாத்திடுச்சா டாக்டர்?"

"பாசியில சிலதுக்கு உலோகத்தப் புடிச்சுக்கற குணம் இருக்குன்னு சொல்றாங்க. அத நம்பி இன்னொரு கிளாஸ் குடிச்சுடாதீங்க!"

உயிர் திரும்பிய சந்தோஷத்தில் பாலாற்றங்கரை வழியாக நடந்தே வந்தேன். அந்தி மயக்கம். எங்கள் ஷாப்புக் கழிவுக் கால்வாய், சத்தமே இல்லாமல், பச்சையாக மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்காவது ஒரு தட்டு கிடைத்தது... ஆற்றுக்கு?