சின்னம்மாவின் கோதுகளும் நான் கரைத்த புளியும்

துவக்குக்குப் பூசும் எண்ணெயின் வாசமும் துணி கழுவும் சோப்பின் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தால்... எனக்குப் பதினாறு வயது திரும்பி வந்துவிடும்.

ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், சின்னம்மாவின் டவுன்ஹவுஸ். பேஸ்மென்ட்டில், வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மரமேசை. சின்னம்மா என் அம்மாவின் தங்கச்சி. பஸ் ஓட்டுபவர். முறையாக லைசென்ஸ் எடுத்து ரைபிள் வைத்திருந்தார். லீவு நாட்களில் ரேஞ்சுக்குப் போய்க் குறி வைத்துச் சுடுவார், வருடத்தில் ஒரு முறை மான் வேட்டைக்கும் போவார். தோட்டாக்களையும் தானே செய்வார். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மேசையில் பூட்டிய பிரஸ்ஸில் வைத்து அழுத்தி அளவாக்கி, வெடிமருந்து நிரப்புவார்.

அப்போதுதான் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். வகுப்பில் யாராவது என் பெயரைச் சொன்னாலே மேசைக்குக் கீழே குனிந்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சின்னம்மா மட்டும் கேட்கவில்லை.

"சும்மா இருக்கிற நேரம் வந்து எனக்குக் கோது கழுவித் தா" என்றார்.

மருந்தை நான் தொடக்கூடாது. கழுவுவது, துடைப்பது, டப்பாவில் அடுக்குவது... இவ்வளவும் என் வேலை. அந்த மேசையடியில் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் சில கோதுகளில் கறுப்புக் கறை. சோப்புத் தண்ணீரில் போகவே இல்லை. வீட்டில் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது ஞாபகம் வந்தது. பித்தளை என்றால் எல்லாம் பித்தளைதானே... மேலே குசினியிலிருந்து புளி எடுத்துக் கெட்டியாகக் கரைத்து, டப்பா நிறையக் கோதுகளை அதில் ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் வந்து ஒரு தரம் அலசிக் காய வைத்தேன்.

என்ன மினுக்கம்! சிலது மெல்லிய ரோஸ் நிறமாகக்கூட மாறியிருந்தது.

"அடியே, இதென்ன நகைக்கடை போலக் கிடக்கு!" என்றார் சின்னம்மா. நான் சிரித்துவிட்டு, புளியைப் பற்றிச் சொல்லாமல் அவற்றை டப்பாவில் அடுக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் முதல் ஒன்றிரண்டு தோட்டா சரியாக வெடித்தது. அதற்குப் பிறகு, கோதை வெளியே இழுக்கும் போல்ட் அசையவில்லை. வெறுங்கோது துவக்குக்குள்ளேயே இறுகிக்கொண்டது. சின்னம்மா ரப்பர் சுத்தியலால் போல்ட்டின் கைப்பிடியைத் தட்டினார். டொக்... டொக்...

பக்கத்து இடத்தில் சுட்டுக்கொண்டிருந்த மன்னார் அங்கிள் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, உம்மட கோதுக்கு மாமியார் வீடு நல்லாப் பிடிச்சுப் போச்சுப் போல. வெளிக்கிட மாட்டன் எண்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து கீழே கிடந்த கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

சின்னம்மா விடுகிற ஆள் இல்லை. கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்தார். கோது சுகமாக வெளியே வந்தது. அப்படியென்றால் துவக்கில் பிழை இல்லை. உள்ளே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தார். இரண்டு கோது நன்றாக வெளியே வந்தது, மூன்றாவது திரும்பவும் இறுகியது. கோதை இழுக்கும் கொக்கியைப் பார்த்தார். கோதுகளின் நீளத்தை அளந்தார். மருந்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தார். எல்லாம் கொப்பியில் எழுதினார்.

எழுதும்போது தனக்குத்தானே கேட்பார்: "வேற என்னத்தை மாத்தினனான்?"

ஒவ்வொரு முறையும் புளி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு இன்னொரு கோதைத் துடைத்தேன்... சொன்னால் அந்த மேசையும் எனக்கு இல்லாமல் போய்விடும் என்று பயம்.

மூன்று கிழமை இப்படியே போனது.

பிறகு ஒரு பின்னேரம் நான் இறங்கிப் போகும்போது சின்னம்மா பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"இனி வேண்டாம் பிள்ளை. எங்கையோ மருந்து கூடப் போடுறன் போல. எனக்கே விளங்கேல்லை. ஆருக்கும் ஒண்டு நடந்தா?"

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் மேலே ஓடினேன். குசினியிலிருந்து புளிப் பக்கெற்றை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"என்ன, ரசம் வைக்கப் போறியோ?"

"சின்னம்மா... அந்த மினுங்கிற கோதெல்லாம் உந்தப் புளியாலைதான் கழுவினனான்."

அவர் ஒரு கோதை எடுத்தார். ஈர விரலால் தேய்த்தார். விரல் பிசுபிசுத்தது. அந்தப் பிசுக்குத்தான் துவக்குக்குள் படிந்து கோதுகளைப் பிடித்து வைத்திருந்தது. லைட்டுக்குக் கிட்டப் பிடித்து அந்த ரோஸ் நிறத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை நாளா இதை வயித்துக்குள்ள வச்சிருந்தனி?"

"முதல் நாளிலயிருந்து..."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ர கையிலைதான் பிழை எண்டு நினைச்சனடி. பஸ் ஓட்டவே பயந்துகொண்டு திரிஞ்சன், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. என் பயத்தை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிரப்பிய தோட்டாக்களைச் சின்னம்மா பிரித்தார். புளியில் ஊறிய கோதுகளுக்குப் பலம் குறைந்திருக்கும் என்று எல்லாவற்றையும் நசுக்கி எறிந்தார். துவக்கின் உட்பக்கத்தைக் கடைசித் தடவையாக நன்றாகத் துடைத்தார். அடுத்த சனிக்கிழமை, இன்னொரு பழைய டப்பாவில் புளி படாமல் இருந்த கோதுகளில் செய்த தோட்டாக்கள். ஒவ்வொரு முறையும் கோது துள்ளி வந்து விழுந்தது. மன்னார் அங்கிளிடம் சின்னம்மா ஏதும் சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகுதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது சின்னம்மா பிக்கரிங்கில். கோது கழுவ மெஷின் வைத்திருக்கிறார், நான் தேவையில்லை. அந்தப் பேஸ்மென்ட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் ஸ்காபரோ பிளாசா ஒன்றில் சாப்பாடு பார்சல் கட்டுகிறேன். ஏதாவது பிழைத்தால் யாரும் கேட்கும் முன்பே "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். கூட வேலை செய்பவர்களுக்கு அது புதினமாக இருக்கிறது.

போன கிழமை சின்னம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, போல்ட் கொஞ்சம் இறுகுது. ஒருக்கா வாறியோ?"

"நான் ஒண்டும் கழுவேல்லையே சின்னம்மா..."

"ஓம், தெரியும். எண்டாலும் வந்து பக்கத்திலை நில்லு."

ரெயின் எடுத்துப் பிக்கரிங்குக்குப் போனேன்.