கரடியைத் திட்டும் கம்பவுண்டர்

“விடுடா! வாலை விடுடா, படுபாவி!” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் மாலை மணி ஆறரை என்று பொருள். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள், யாரோ பூனையைப் போட்டு வதைக்கிறார்கள் என்று நினைத்து ஒற்றைச் செருப்போடு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பூனையும் இல்லை, பாவியும் இல்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் ஒருவர் நின்றபடி திரையைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரையில், கோட்டுப் போட்ட கரடி ஒன்று கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது. பூனையின் வாலை இழுத்தால் ஒரு சுரம். வாத்தைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் இன்னொரு சுரம். இரண்டு கரண்டிகளால் மாட்டின் விலாவில் தட்டினால் முழுப் பாட்டு. தொண்ணூறு வருஷத்துக்கு முன் யாரோ வரைந்த கறுப்பு வெள்ளைப் பாட்டுப் படம். பேச்சு ஒரு வரி கிடையாது, தாளம் மட்டும்தான்.

“வாங்க, உக்காருங்க. நீங்களே பாருங்க இந்த அநியாயத்தை” என்றார் என்னிடம், நான் யார் என்றுகூடக் கேட்காமல். “மாட்டுக்கு விலா எலும்பு பதிமூணு ஜோடி. இவன் எட்டுதான் போட்டிருக்கான். பாட்டுக்கு எட்டு போதுமாம். மிச்சத்தை யார் வீட்டுக்குக் கொண்டு போனான்?”

அவர் கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாகக் கம்பவுண்டர். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, ஆணி ஏறிய காலைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. என் பூனைக்குக் காதில் புண் வந்தபோது அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். மிருகங்களுக்கு மரியாதைப் பன்மை, மனிதர்களுக்கு ஒருமை. “கொஞ்சம் காலைத் தூக்குங்க சார், ஆங், அவ்வளவுதான்” என்பது நாயிடம். “நீ ஏன்யா நடுங்குற, ஊசி உனக்கா போடுறேன்?” என்பது அதை வளர்ப்பவரிடம். ஒருவர் தம் கன்றுக்குட்டியைக் காட்டி, “வாயில்லா ஜீவன் சார்” என்று உருகினார். கழுத்துக் கயிறு சதைக்குள் புதைந்து சீழ் பிடித்துக் கிடந்தது. கம்பவுண்டருக்குக் கண் சிவந்துவிட்டது. “வாய் இருக்கு. பத்து நாளா கத்தியிருக்கும். உனக்குத்தான் காது இல்லை” என்றார். அந்த மனிதர் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

அப்படிப்பட்டவர் தினமும் அரைமணி நேரம் இந்தப் படங்களை ஏன் பார்க்க வேண்டும்? மனைவிக்காக.

அந்த அம்மாள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். தெருவில் யார் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்பது பெற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சாம். ஒரு பக்கம் நகலெடுக்க வந்தவர் ஒருமணி நேரம் நின்றுவிட்டுப் போவாராம். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையோடு பேச்சையும் எடுத்துக்கொண்டது. சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. யார் வந்தாலும் சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் இந்தப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். “இதுல வசனமே இல்லை சார். நமக்குப் பேச வரலையேன்னு அம்மாவுக்குத் தோணாது. தாளம் அழுத்தமா இருக்கு. தாளம் வந்தா வார்த்தை பின்னாலேயே வரும்” என்றாளாம். இரண்டாம் நாளே அம்மாள் சிரித்துவிட்டார். தொண்டையிலிருந்து ஹக் ஹக் என்று வந்த அந்தச் சிரிப்புதான், மூன்று மாதத்தில் அந்த வீடு அவரிடமிருந்து கேட்ட முதல் சத்தம். அன்றிலிருந்து ஆறரை மணி தப்பியதில்லை.

கம்பவுண்டரும் தப்பியதில்லை, திட்டும் தப்பியதில்லை. “பூனை வாலை அப்படி இழுத்தா அடியில நரம்பு அறுந்துரும். அப்புறம் அதுக்கு ஒண்ணுக்குப் போறதே தெரியாது. நான் பார்த்திருக்கேன். மூணு பூனை!” என்று திரைக்கு மூன்று விரல்களைக் காட்டுவார். வாத்து வந்தால் இன்னும் மோசம். “நெஞ்சு விரிஞ்சாத்தான்டா அதுக்கு மூச்சு! நெஞ்சைப் போய் அமுக்குறியே!” இத்தனைக்கும் நடுவே அவருடைய வலது கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் சுட்டிக்காட்டினேன். காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். “அது பாட்டுக்கு ஆடுது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

நானும் சும்மா இருந்திருக்கலாம். “அது சும்மா பொம்மை சார்” என்றேன்.

“பொம்மைதான். வரைஞ்சவன் பொம்மையா?”

“அந்தக் காலத்துல யாரும் இதைத் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க.”

“அந்தக் காலத்துல மாட்டுக்கு வலிக்காதா?” என்று என்னைப் பார்த்த பார்வையில், நானே கரண்டியோடு நிற்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படங்களுக்காக நான் வாதாடியதில்லை.

போன மாதம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் முகாமென்று அவரை ஒரு வாரம் வெளியூருக்கு அனுப்பினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் மகள் விடுப்பெடுத்து அம்மாவோடு இருந்தாள். அதே ஆறரை மணி, அதே கரடி, அதே பூனை. அம்மாள் சிரிக்கவில்லை. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் மகள் அழுதுகொண்டே பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். “எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. அம்மா கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க.”

“அப்பா வரட்டும். வந்ததும், அம்மா படம் பாக்குறதை வீடியோ எடுத்து அனுப்புங்க. திரையை எடுக்காதீங்க, அம்மா முகத்தை எடுங்க” என்றாள் அவள்.

அப்பா வந்தார். எடுத்தாள். அந்த வீடியோவை எனக்கும் காட்டினாள். திரையில் கரடி வாலை நோக்கிக் கையை நீட்டும் சத்தம் கேட்கிறது. அம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. கண் பக்கத்து நாற்காலியில், கணவரின் முகத்தில் இருக்கிறது. அவர் மூக்கு விடைக்கிறது, அவர் எழுந்திருக்கிறார், வாயைத் திறப்பதற்கு முன்பே இவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு தடவை அல்ல. அந்தப் படத்தில் ஏழு தடவை. ஐந்து மாதமாக அந்த அம்மாள் கரடியைப் பார்க்கவே இல்லை.

மகள் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கம்பவுண்டர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். போனை மேசைமேல் வைத்தார்.

“அப்போ நான்தான் கோமாளி. அஞ்சு மாசமா.”

“அப்பா, அப்படியில்லைப்பா...”

“வேற எப்படி? நான் வயிறு எரிஞ்சு கத்துறேன். எல்லாரும் உக்காந்து வேடிக்கை பாத்திருக்கீங்க.” சட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றும் மறுநாளும் ஆறரை மணிக்கு உள்ளே போகவில்லை. செய்தித்தாளைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மூன்றாம் நாள் மாலை நான் மாடிப்படி இறங்கும்போது, உள்ளே படத்தின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மாள் இடது கையால் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “என்ன சார் இது, காது கிழியுது!” என்று ஒரு குரல் வந்தது. கம்பவுண்டர் அசையவில்லை. பிறகு வேறொரு சத்தம். பக்கத்து நாற்காலியின் பலகையில் உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். தட், தட். ஒரு இடைவெளி. தட், தட். அப்புறம் கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுப்பதுபோல் ஒரு குரல்.

“வா.”

செய்தித்தாள் படியில் கிடந்தது. அவர் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லையாம். ஆனால் ஒரு எருமையின் தொடையில் தையல் போடும்போது, “நேத்து என்னை ‘வா’ன்னு கூப்பிட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?” என்று அதன் காதருகே சொன்னதை டாக்டர் கேட்டிருக்கிறார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு மனிதனுக்குக் கோபம் சுலபமாக வருமா? கரடி வாலைப் பிடித்ததும் அவர் எழுந்து, “விடுடா” என்றார். ஒப்புக்குச் சொன்னது. அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அம்மாள் அலுப்போடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவரிடம் நடிப்பு எடுபடவில்லை.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். அதே காலத்துப் படங்களாகத் தேடி, அப்பா பார்க்காத ஒன்றை நேற்று கொண்டுவந்து போட்டாள். நானும் போயிருந்தேன். கோடு கோடாக மழை பெய்வதுபோல் இருந்த திரையில், ஒரு குரங்கு ஆமையோடு நடந்து வந்தது. கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு, யார் என்ன செய்தாலும் எனக்கென்ன என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். குரங்கு நின்றது. ஆமையின் ஓட்டைச் சட்டைபோல் கழற்றியது. கவிழ்த்து வைத்து, இரண்டு கைகளாலும் மேளம் கொட்டத் தொடங்கியது. கீழே ஆமை வெறும் உடம்போடு, அதே தாளத்துக்கு நடுங்கியது.

“டேய்!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “டேய், அது சட்டையாடா? முதுகெலும்புடா! ஓட்டோட ஒட்டி வளர்ந்த முதுகெலும்பு! எங்கேருந்துடா கழட்டுன?” கழுத்து நரம்பு புடைத்தது. எங்களை அவர் மறந்தே போனார். “உன் முதுகைக் கழட்டி நான் கொட்டவா? அது குளிர்ல நடுங்குது, அதுக்குத் தாளம் வேறயா உனக்கு?”

அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். ஹக் என்று ஆரம்பித்து, மூச்சு முட்டி, தோள் குலுங்கி, இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வலது வாயோரம் மூட முடியாமல் எச்சில் வழிந்து தாடைக்கு இறங்கியது.

கம்பவுண்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரங்கின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டியபடியே தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சுருட்டி, கையை மட்டும் பின்னால் நீட்டி, மனைவியின் தாடையிலிருந்து வாயோரம்வரை மெல்ல ஒற்றி எடுத்தார்.